2008 ஆர்2 டொமைன் கன்ட்ரோலரிலிருந்து 2022-க்குப் போக வேண்டும்: எஃப்ஆர்எஸ் பிழையில் நிற்கிறது

#1 பம்ப்ஷெட்_ஐடி

வணக்கம் நண்பர்களே. கோவைப் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் ஐடி பார்க்கிறேன். எங்கள் ஆக்டிவ் டைரக்டரி (யூசர், கணினி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) 2003 சர்வர் காலத்தில் தொடங்கியது. பிறகு யாரோ 2008 ஆர்2-க்கு ஏற்றியிருக்கிறார்கள். அதை நடத்தும் சர்வர்கள், அதாவது டொமைன் கன்ட்ரோலர்கள், இப்போது மூன்று ஓடுகின்றன. தலைமை அலுவலகத்தில் ஒரு டவர் சர்வர், 2008 ஆர்2. ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோலர் மட்டுமே வகிக்கும் ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்பும் அதன் தலையில்தான். ஹைப்பர்-வியில் மெய்நிகர் சர்வராக ஒரு 2012 ஆர்2. ஓசூர் கிளையில் இன்னொரு 2008 ஆர்2. டொமைன் ஃபங்ஷனல் லெவல் (டொமைன் எந்தப் பதிப்பின் வசதிகள் வரை பயன்படுத்தும் என்ற அமைப்பு) 2008.

ஆடிட்டில் சர்வர் விஷயம் மாட்டிக்கொண்டதால் நிர்வாகம் ஒருவழியாகப் புது சர்வர் வாங்கிக் கொடுத்துவிட்டது. அதில் 2022 போட்டு ப்ரொமோட் செய்ய, அதாவது டொமைன் கன்ட்ரோலர் ஆக்கப் போனால் முன்பரிசோதனையிலேயே தடுக்கிறது. இந்த டொமைனின் சிஸ்வால் (எல்லாக் கன்ட்ரோலரிலும் நகலாக இருக்கும் ஃபோல்டர்) இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய சேவை வழியாகத்தான் நகலாகிறது, டிஎஃப்எஸ்ஆர்மிக் கட்டளையால் டிஎஃப்எஸ்ஆர் என்ற புதிய சேவைக்கு மாற்றிவிட்டு வா என்கிறது.

சப்ளை செய்த வெண்டரோ, "அதெல்லாம் வேண்டாம் சார், பழைய டவரிலேயே டிவிடி போட்டு இன்பிளேஸ் அப்கிரேட் செய்துவிடலாம், ஒரு ராத்திரி வேலை" என்கிறார். எதை நம்புவது?

#2 டிஎன்எஸ்ஸே_துணை

ஒரு ராத்திரி வேலை என்று சொன்னவரை அந்த ராத்திரி கூடவே உட்காரச் சொல்லுங்கள்.

#3 நெடுங்கால_அட்மின்

வெண்டர் சொல்வதை முதலில் தள்ளிவிடலாம். 2008 ஆர்2-விலிருந்து 2022-க்கு நேராக ஏற வழியே இல்லை. 2022 வரைக்கும் இன்பிளேஸ் அப்கிரேடில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் இரண்டு பதிப்புதான் தாண்டலாம். படிப்படியாக ஏறினாலும் அந்த டவரின் பழைய டிரைவர், பழைய ஆன்டிவைரஸ் எல்லாம் கூடவே வரும். டொமைன் கன்ட்ரோலரைப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பது, புது சர்வரைச் சேர்த்து, பொறுப்புகளை நகர்த்தி, பழையதைக் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்குவதை, அதாவது டிமோட் செய்வதைத்தான். ஆக்டிவ் டைரக்டரி வடிவமைக்கப்பட்டதே அப்படி. தரவு ஒரு பெட்டியில் இல்லை, எல்லாக் கன்ட்ரோலரிலும் இருக்கிறது.

இனி உங்கள் பிழைக்கு வருவோம். குரூப் பாலிசி (கணினிகளுக்கும் யூசர்களுக்கும் பொதுவாகப் போடும் கட்டுப்பாடுகள்) கோப்புகளும் லாகான் ஸ்கிரிப்ட்டுகளும் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டரை 2000, 2003 காலத்தில் எஃப்ஆர்எஸ் என்ற சேவை நகலெடுத்துக்கொண்டிருந்தது. 2008-க்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய டொமைன்கள் டிஎஃப்எஸ்ஆரில் பிறந்தவை. 2003-ல் பிறந்த டொமைனை யாராவது உட்கார்ந்து மாற்றினால்தான் உண்டு. சர்வரை மட்டும் 2008 ஆர்2-க்கும் 2012 ஆர்2-க்கும் மாற்றினால் எஃப்ஆர்எஸ் அப்படியே தொடரும், யாரும் கேட்க மாட்டார்கள். சர்வர் 2019 பதிப்பிலிருந்துதான் கதவை அடைத்தார்கள்.

வேலை மொத்தமும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. 2022 போடுவது அதற்கு அப்புறம் அரை நாள் சமாச்சாரம். எஃப்ஆர்எஸ் நலமாக இல்லாத டொமைனில் டிஎஃப்எஸ்ஆர்மிக் ஓட்டினால் பழைய நோயும் சேர்ந்து புது வீட்டுக்கு வரும். எனவே மூன்று கன்ட்ரோலரிலும் டிசிடயாக், ரெப்அட்மின் ரெப்ளசம்மரி என்ற இரண்டு சோதனைக் கட்டளைகளையும் ஓட்டுங்கள். ஈவென்ட் வியூவரில் "ஃபைல் ரெப்ளிகேஷன் சர்வீஸ்" லாகைத் திறந்து பாருங்கள். மூன்றிலும் சிஸ்வாலுக்குள் பாலிசீஸ் ஃபோல்டரில் எத்தனை உள்ஃபோல்டர் இருக்கிறது என்று எண்ணிப் போடுங்கள்.

#4 லைசென்ஸ்_லிங்கம்

நடுவில் ஒரு கேள்வி. புது சர்வரில் போட்ட 2022 எந்த ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு)? வெண்டர்கள் 180 நாள் எவாலுவேஷன் பதிப்பைப் போட்டுவிட்டு "கீ அப்புறம் போட்டுக்கலாம்" என்று போவது வழக்கம். சாதாரண சர்வரில் டிஸ்ம் கட்டளையால் அதை முழுப் பதிப்பாக மாற்றலாம். டொமைன் கன்ட்ரோலர் ஆக்கிவிட்டால் மாற்ற முடியாது. இன்னொரு கன்ட்ரோலர் எழுப்பி, பொறுப்பை நகர்த்தி, இதை டிமோட் செய்ய வேண்டியதுதான். கெடு முடிந்தால் மணிக்கொரு தடவை தானாக அணைந்துவிடும்.

அடுத்து கேல், அதாவது சர்வரை அணுகுபவர்களுக்கான உரிமம். 2008-க்கு வாங்கிய கேல் 2022 சர்வருக்குச் செல்லாது. அணுகப்படும் சர்வரின் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஷிஃப்ட் முறையில் ஒரே கணினியில் பலர் உட்காரும் தொழிற்சாலை என்றால் யூசர் கேலை விட டிவைஸ் கேல் வாங்குங்கள். இதை எந்த வெண்டரும் தானாகச் சொல்ல மாட்டார்.

#5 பம்ப்ஷெட்_ஐடி

லிங்கம் சார், பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னதுதான், எவாலுவேஷன். இன்னும் ப்ரொமோட் ஆகவில்லை என்பதால் பிழைத்தது. வால்யூம் லைசென்ஸ் ஐஎஸ்ஓவில் மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன். கேல் பற்றி கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லை.

நெடுங்கால_அட்மின் சார், கேட்டது இதோ. டவரிலும் 2012 ஆர்2-விலும் பாலிசீஸுக்குள் 34 ஃபோல்டர்கள். ஓசூரில் 21. ஓசூர் எஃப்ஆர்எஸ் லாகில் 13568 என்ற பிழை இருக்கிறது. ஜர்னல் ராப் என்று எழுதியிருக்கிறது. அந்த லாகைக் கடைசி வரைக்கும் உருட்டினாலும் அதுவேதான், எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. ஆனால் பாஸ்வேர்டு மாற்றம், புது யூசர் எல்லாம் ஓசூருக்கு ஒழுங்காகப் போகிறதே?

அந்தப் பிழைச் செய்தியிலேயே "எனேபிள் ஜர்னல் ராப் ஆட்டோமேட்டிக் ரெஸ்டோர்" என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 ஆக்கினால் சரியாகும் என்று போட்டிருக்கிறது. செய்துவிடட்டுமா?

#6 நெடுங்கால_அட்மின்

வேண்டாம், தொடாதீர்கள். பிழைச் செய்தி சொன்னாலும் அந்த மதிப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று பின்னால் மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

யூசர், பாஸ்வேர்டு போவது ஏன் என்றால் அவை டைரக்டரி தரவுத்தளத்தில் இருப்பவை. அதற்குத் தனி நகலாக்கம். குரூப் பாலிசியில் பாதி தரவுத்தளத்திலும் பாதி சிஸ்வாலில் கோப்பாகவும் இருக்கிறது. கோப்புப் பாதி மட்டும் ஓசூருக்கு நின்றுபோயிருக்கிறது. அங்கே உள்ளவர்களுக்குப் புது பாலிசி எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. யூஎஸ்பி தடை, ஸ்கிரீன் லாக் மாதிரி எதையாவது சமீபத்தில் போட்டிருந்தால் ஓசூரில் எந்தப் பாலிசி இறங்கியிருக்கிறது என்று காட்டும் ஜிபிரிசல்ட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது நான்-ஆத்தரிடேட்டிவ் ரெஸ்டோர். அதாவது ஓசூர் தன் நகலைக் கைவிட்டு, நல்ல கன்ட்ரோலரிடமிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளும். முதலில் ஓசூரின் சிஸ்வால் ஃபோல்டரைத் தனியாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள். எஃப்ஆர்எஸ் சேவையை நிறுத்துங்கள். ரெஜிஸ்ட்ரியில் என்டிஎஃப்ஆர்எஸ், பாராமீட்டர்ஸ், பேக்கப்/ரெஸ்டோர், ப்ராசஸ் அட் ஸ்டார்ட்அப் என்ற இடத்தில் பர்ஃப்ளாக்ஸ் என்ற மதிப்பு இருக்கும். அதை ஹெக்ஸில் டி2 ஆக்கி, சேவையைத் தொடங்குங்கள். 13516 என்ற நிகழ்வு வந்தால் சிஸ்வால் தயார்.

டி2-வுக்குப் பதில் டி4 என்று எங்காவது படித்திருப்பீர்கள். டி4 என்றால் "என்னிடம் இருப்பதுதான் சரி, மற்றவர்கள் என்னிடம் எடுங்கள்" என்று பொருள். அதை ஓசூரில் போட்டு மற்ற இரண்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டால் மூன்று இடத்திலும் 21 ஃபோல்டர்தான் மிஞ்சும். விரல் வழுக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

#7 இரவுக்காவல்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இதற்கு முன் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுத்தாயிற்றா? டபிள்யூபிஅட்மினில், குறைந்தது இரண்டு கன்ட்ரோலரில். அப்புறம் டிஎஸ்ஆர்எம் (கன்ட்ரோலரை மீட்பு முறையில் எழுப்புவது) பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா? 2008-ல் யாரோ போட்டது. அவர் வேலையை விட்டே போயிருப்பார். என்டிடிஎஸ்யூட்டிலில் மாற்றி எழுதி வையுங்கள். பேக்கப் இருந்தும் இந்தப் பாஸ்வேர்டு இல்லாததால் ரெஸ்டோர் செய்ய முடியாமல் நின்ற இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

#8 பெங்குவின்_தாசன்

இத்தனை கேல், லைசென்ஸ் செலவுக்கு சாம்பா 4 போடலாமே? டொமைன் கன்ட்ரோலர் வேலையை இலவசமாகச் செய்கிறது.

#9 சிங்கை_செல்வி

சின்ன இடத்துக்கு சாம்பா நல்லதுதான், நானே ஒரு பள்ளிக்கூடத்தில் நடத்தினேன். ஆனால் இந்த இழைக்குப் பொருந்தாத ஆலோசனை தாசன். சாம்பாவில் சிஸ்வால் நகலாக்கமே கிடையாது. எஃப்ஆர்எஸ்ஸும் இல்லை, டிஎஃப்எஸ்ஆரும் இல்லை. ஆர்சிங்க் வைத்து நாமேதான் ஓட்ட வேண்டும். இங்கே நோயே சிஸ்வாலில்தான்.

பம்ப்ஷெட், ஒரு சேர்க்கை. டிஎஃப்எஸ்ஆர்மிக் முதல் நிலையிலேயே சிஸ்வாலுக்குப் பக்கத்தில் சிஸ்வால்_டிஎஃப்எஸ்ஆர் என்று முழு நகல் ஒன்றை ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் உருவாக்கும். சிஸ்வாலுக்குள்ளேயே இருக்கும் நெட்லாகான் ஷேருக்குள் யாராவது டேலி செட்டப், பிரின்டர் டிரைவர் எல்லாம் கொட்டி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து நகலாகும். பெரிய கோப்புகளை முதலில் சாதாரண ஷேருக்கு மாற்றுங்கள்.

#10 பம்ப்ஷெட்_ஐடி

செல்வி மேடம், நெட்லாகானுக்குள் டேலி மட்டுமில்லை, ஒரு தீபாவளி விற்பனை வீடியோவும் இருந்தது. எல்லாம் வெளியே போயாயிற்று.

ஓசூரில் டி2 போட்டு 13516 வந்துவிட்டது. பாலிசீஸில் இப்போது அங்கேயும் 34. மறுநாள் காலையிலேயே ஓசூர் ஸ்டோர்ஸிலிருந்து ஃபோன்: "பென் டிரைவ் வேலை செய்யவில்லை." யூஎஸ்பி தடை பாலிசி இத்தனை நாள் கழித்து இப்போதுதான் அவர்களுக்குப் போயிருக்கிறது.

டிஎஃப்எஸ்ஆர்மிக் எப்படித் தொடங்குவது? ஆஃபீஸ் நேரத்தில் செய்யலாமா?

#11 நெடுங்கால_அட்மின்

பகலிலேயே செய்யலாம். யாருடைய லாகினும் நிற்காது. மூன்று நிலைகள்: பிரிப்பேர்டு, ரீடைரக்டட், எலிமினேட்டட். டிஎஃப்எஸ்ஆர்மிக் செட்குளோபல்ஸ்டேட் 1, 2, 3 என்று, எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளில் ஒன்றான பிடிசி எமுலேட்டர் இருக்கும் டவரில் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கெட்மைக்ரேஷன்ஸ்டேட் கேளுங்கள். எல்லாக் கன்ட்ரோலரும் அந்த நிலைக்கு வந்துவிட்டன என்று அது சொல்லும் வரை அடுத்ததுக்குப் போகக் கூடாது.

பிரிப்பேர்டில் டிஎஃப்எஸ்ஆர் தனியாக நகல் ஓட்டத் தொடங்கும், ஆனால் கிளையன்ட்டுகள் பழைய சிஸ்வாலையே பார்க்கும். ரீடைரக்டடில் ஷேர் புது ஃபோல்டருக்குத் திரும்பும், எஃப்ஆர்எஸ்ஸும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டிலிருந்தும் பின்வாங்கலாம். எலிமினேட்டட் கொடுத்தால் எஃப்ஆர்எஸ் போய்விடும், திரும்பி வர வழியில்லை. அதனால் ரீடைரக்டடில் சில நாள் விட்டு வைத்து லாக் பாருங்கள். அவசரப்பட ஒன்றுமில்லை. தொடங்கியது முதல் முடியும் வரை குரூப் பாலிசியில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நடுவில் மாற்றினால் அந்த மாற்றம் எந்த நகலில் இருக்கிறது என்று பிறகு தேட வேண்டி வரும்.

ஓசூர் மட்டும் நிலை மாறாமல் நின்றால் பயப்படாதீர்கள். நிலை பற்றிய தகவலே டைரக்டரி வழியாகத்தான் போகிறது. கிளைக்குப் போக நேரமாகும். ரெப்அட்மின் சிங்க்ஆல் கொடுத்து, ஓசூரில் டிஎஃப்எஸ்ஆர்டயாக் போல்ஏடி ஓட்டினால் நகரும்.

#12 டிஎன்எஸ்ஸே_துணை

நேராக 2025-க்கே போனால் என்ன? இன்னொரு பத்து வருஷம் நிம்மதி.

#13 சிங்கை_செல்வி

போக முடியாது, துணை. 2025 கன்ட்ரோலரைச் சேர்க்க ஃபங்ஷனல் லெவல் குறைந்தது 2016 இருக்க வேண்டும். இவர்களிடம் 2008 ஆர்2 கன்ட்ரோலர் நிற்கும் வரை லெவலை 2016-க்கு ஏற்றவே முடியாது. அதனால் நடுவில் 2016, 2019, 2022 மூன்றில் ஒன்று கட்டாயம். 2016-க்கு ஆதரவு 2027 ஜனவரி 12-ல் முடிகிறது, 2019-க்கு 2029 ஜனவரி 9-ல், 2022-க்கு 2031 அக்டோபர் 14 வரை. இப்போது போடுபவருக்கு 2022தான் கணக்குக்குச் சரி. 2025 லைசென்ஸ் வாங்கியிருந்தால்கூட வால்யூம் லைசென்ஸில் 2022 போட்டுக்கொள்ளலாம்.

2025 வந்த புதிதில் டொமைன் கன்ட்ரோலரை ரீஸ்டார்ட் செய்தால் ஃபயர்வால் டொமைன் புரொஃபைலை விட்டுவிட்டு வேறு புரொஃபைலில் எழுந்து நிற்கும் கோளாறு ஒன்று இருந்தது. நெட்வொர்க் கார்டை ஒரு தடவை அணைத்து எழுப்பினால்தான் சரியாகும். 2025 ஜூன் அப்டேட்டில் சரிசெய்தார்கள். டைரக்டரி சர்வரில் முதல் ஆளாகப் போய் நிற்பதில் எனக்கு எப்போதும் ஆர்வமில்லை.

#14 பம்ப்ஷெட்_ஐடி

எலிமினேட்டட் முடிந்தது. மூன்றும் ஒரே நிலை. இந்தத் தடவை 2022 ப்ரொமோட் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் ஓடியது. ஸ்கீமாவை (டைரக்டரி தரவின் அமைப்பை) அதுவே 88-ஆம் பதிப்புக்கு ஏற்றிக்கொண்டது. ரெப்ளசம்மரியில் பிழை இல்லை.

இப்போது டவரை எடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஷாப் ஃப்ளோரில் பாதி இயந்திரங்களில் ஸ்டாட்டிக் ஐபி. டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) என்று டவரின் முகவரியைக் கையால் போட்டு வைத்திருக்கிறார்கள். வருகைப் பதிவு மெஷின், ஜெராக்ஸ் மெஷின், சிஎன்சி பக்கத்துக் கணினிகள் எல்லாம் அப்படித்தான். பட்டியல் எதுவும் இல்லை.

#15 இரவுக்காவல்

பட்டியலை டவரே கொடுக்கும். டிஎன்எஸ் கன்சோலில் சர்வரின் பிராப்பர்டீஸில் டீபக் லாகிங் இருக்கிறது. உள்ளே வரும் கேள்விகளை மட்டும் பதியச் சொல்லி ஒரு முழு வாரம் விடுங்கள். ஞாயிறு மட்டும் ஓடும் பேக்கப் வேலை, இரவு ஷிஃப்ட் கணினி எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும்.

சாதனங்கள் டைரக்டரியோடு பேசும் எல்டிஏபி-க்குத் தனியாகப் பார்க்க வேண்டும். டயக்னாஸ்டிக்ஸ் ரெஜிஸ்ட்ரியில் "16 எல்டிஏபி இன்டர்ஃபேஸ் ஈவென்ட்ஸ்" மதிப்பை 2 ஆக்கினால், கையொப்பமில்லாமல் இணையும் ஒவ்வொரு சாதனத்தின் ஐபியும் எந்தக் கணக்கில் வந்தது என்பதும் 2889 நிகழ்வில் விழும். எல்லாக் கன்ட்ரோலரிலும் போடுங்கள், வேலை முடிந்ததும் 0 ஆக்குங்கள்.

#16 நெடுங்கால_அட்மின்

அதோடு, டவரின் ஐபியைப் புது சர்வருக்கே கொடுத்துவிடுவது சுலபம். பொறுப்புகளை நகர்த்தி, டவரை டிமோட் செய்து, அதன் ஐபியை மாற்றிய பிறகு 2022-க்கு அந்தப் பழைய முகவரியைப் போடுங்கள். ரிஜிஸ்டர்டிஎன்எஸ் கொடுத்து நெட்லாகான் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் கன்ட்ரோலர் எங்கே என்று காட்டும் எஸ்ஆர்வி பதிவுகள் சரியாகும். ஷாப் ஃப்ளோரில் ஒரு இயந்திரத்தையும் தொட வேண்டாம். சிலர் இதை அழகில்லாத வழி என்பார்கள். உற்பத்தி நிற்காத வழி எனக்குப் போதும்.

டிமோட் செய்யுமுன் டவரில் வேறென்ன ஓடுகிறது என்று பாருங்கள். டிஹெச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) இருந்தால் எக்ஸ்போர்ட்-டிஹெச்சிபிசர்வர் வழியாக எடுத்துக்கொள்ளலாம். சர்ட்டிஃபிகேட் சர்வீஸ் இருந்தால் அதை நீக்காமல் டிமோட்டே செய்ய விடாது. வைஃபை லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் ஓடினால் அதுவும் இதே பெட்டியில்தான் ஒளிந்திருக்கும்.

நேரம் இன்னொன்று. பிடிசி எமுலேட்டர் பொறுப்பு நகர்ந்ததும் டொமைனுக்கே கடிகாரம் புது சர்வர்தான். டபிள்யூ32டிஎம்-மில் வெளி நேர சர்வரைப் போடுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் கொடுத்த உத்தரவுப்படி என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு ஒத்திசைய வேண்டும். ஆடிட்டர் அடுத்த தடவை அதைத்தான் கேட்பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் லாகினே கொடுக்காது.

#17 பம்ப்ஷெட்_ஐடி

டவர் டிமோட் ஆகிவிட்டது, அதன் ஐபியில் 2022 உட்கார்ந்திருக்கிறது. திங்கள் காலை ஷிஃப்ட் சத்தமில்லாமல் தொடங்கியது. சர்ட்டிஃபிகேட் சர்வீஸ் இல்லை, ரேடியஸ் இருந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் மேனேஜர் அறை வைஃபை போயிருக்கும்.

இரண்டு புகார். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் செய்தால் ஃபோல்டருக்குப் போகவில்லை; முன்பு டவரில் இருந்த அந்த ஷேரை 2022-ல் அதே பெயரில் வைத்திருக்கிறேன். இரண்டாவது, வருகைப் பதிவு மென்பொருளின் சர்வீஸ் கணக்கு லாகின் ஆகவில்லை.

#18 சிங்கை_செல்வி

ஸ்கேன்: மெஷின் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டும் தெரிந்தது. 2019 பதிப்பிலிருந்து சர்வரில் எஸ்எம்பி1 போட்டு வருவதில்லை. இந்த ஒரு மெஷினுக்காக டொமைன் கன்ட்ரோலரில் எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடாதீர்கள். ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு ஷேரையே கன்ட்ரோலரில் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சர்வீஸ் கணக்கு: பாஸ்வேர்டு கடைசியாக எப்போது மாற்றியது என்று பாருங்கள். லெவல் 2003-ல் இருந்தபோது போட்டு அப்புறம் தொடாத கணக்குக்கு ஏஇஎஸ் என்ற புதிய குறியாக்கச் சாவியே உருவாகியிருக்காது, பழைய ஆர்சி4 மட்டும்தான். அதே பாஸ்வேர்டை மறுபடி ரீசெட் செய்தால்கூடப் போதும், புதுச் சாவி உருவாகிவிடும். ஆனால் புதியதாகவே போடுங்கள்.

#19 பம்ப்ஷெட்_ஐடி

பாஸ்வேர்டு கடைசியாக மாற்றியது 2007 என்று காட்டுகிறது. ரீசெட் செய்ததும் வருகைப் பதிவு ஓடிவிட்டது. ஸ்கேன் இப்போதைக்கு மெயிலுக்குப் போகிறது, அக்கவுன்ட்ஸ் அண்ணா மட்டும் முகம் சுளிக்கிறார்.

அடுத்தது ஓசூர். அங்கே 15 பேர்தான். அந்த 2008 ஆர்2-வை எடுத்துவிட்டு இன்னொரு 2022 கன்ட்ரோலர் வைக்க வேண்டுமா, அல்லது இங்கேயிருந்தே லாகின் ஆகட்டுமா? லைன் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை போகும். சர்வர் இருக்கும் அறைக்குப் பூட்டும் கிடையாது.

#20 நெடுங்கால_அட்மின்

பூட்டில்லாத அறையில் எழுதக்கூடிய கன்ட்ரோலர் வேண்டாம். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கம்பெனி மொத்தத்தின் பாஸ்வேர்டு ஹேஷும் போனது போல. லைன் போனாலும் ஏற்கெனவே லாகின் ஆன கணினியில் கேஷ் இருப்பதால் விண்டோஸுக்குள் போய்விடலாம். ஓசூரிலேயே கோப்பு சர்வரோ ஈஆர்பியோ இருந்தால் ரீட்-ஒன்லி கன்ட்ரோலர் வையுங்கள், அந்த 15 பேரின் பாஸ்வேர்டை மட்டும் அதில் கேஷ் ஆக அனுமதியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்.

அதை எடுத்த கையோடு 2012 ஆர்2-வையும் மாற்றுங்கள். அதற்குப் பணம் கட்டிப் பெறும் பாதுகாப்பு அப்டேட்டே 2026 அக்டோபர் 13 வரைதான். இரண்டாவது 2022 நின்ற பிறகு லெவலை 2016-க்கு ஏற்றலாம். அதற்கு மேல் 2022-க்கென்று தனி லெவல் இல்லை. எடுக்கும் கன்ட்ரோலர்களின் பெயர் சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதையும் கையோடு அழித்துவிடுங்கள்.

#21 பம்ப்ஷெட்_ஐடி

ஓசூரில் கோப்பு சர்வர் இல்லை, ஈஆர்பி இங்கேதான். அப்படியென்றால் கன்ட்ரோலர் வேண்டாம். சனிக்கிழமை போய் டிமோட் செய்துவிட்டு, டிஹெச்சிபியை அங்கிருக்கும் ரௌட்டருக்கு மாற்றி, டிஎன்எஸ்ஸாக இங்குள்ள இரண்டு முகவரிகளையும் கொடுத்துவிட்டு வருகிறேன்.

#22 டிஎன்எஸ்ஸே_துணை

ரௌட்டரில் மூன்றாவது டிஎன்எஸ்ஸாகக் கூகுளின் 8.8.8.8 போட்டுவிடாதீர்கள். லைன் ஒரு தடவை தடுமாறினால் போதும், கணினிகள் அதையே பிடித்துக்கொண்டு டொமைனைக் காணோம் என்று நிற்கும்.